மகனுக்கு ஒரு மா நிலமாவது விடுங்கள்



எனக்கு 44 வயது. பத்தாவது படிக்கிற மகளும் ஆறாவது படிக்கிற மகனும் இருக்கிறார்கள். தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் எங்க வயலுக்கு நடவுக்கு வருகிற அக்கா என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "தம்பி, அப்பா என்ன சொன்னாங்க?" என்பதுதான். எந்த வயலில் முதலில் நடுவது, நாத்து எப்போ பறிப்பது, கூலி எவ்வளவு, எல்லாத்துக்கும் அதே கேள்வி. அந்த அக்கா மேல் தப்பில்லை. இருபது வருசமாக அப்பா சொன்னதுதானே அங்கே நடந்திருக்கிறது.

இதை ஒரு வீட்டுப் புலம்பலாக எழுதவில்லை. இயற்கை வேளாண்மைப் பயிற்சிகளுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். வருகிறவர்களில் பலர் என் வயதுக்காரர்கள், என்னைவிடச் சின்னவர்கள். நோட்டுப் போட்டு எழுதுகிறார்கள். 200 லிட்டர் தண்ணிக்கு 10 கிலோ சாணம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு என்று ஜீவாமிர்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அடுத்த வருசம் அதே ஆளைப் பார்த்து, "ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்பா ஒத்துக்கலைங்க" என்கிறார்.

விதை, இடுபொருள், சந்தை, சான்றிதழ் என்று மேடை போட்டுப் பேசுகிற நாம், இந்த "அப்பா ஒத்துக்கலைங்க" பற்றி மட்டும் பேசுவதில்லை. குடும்ப விசயம் என்று விட்டுவிடுகிறோம். ஒரு வயல் இயற்கை வழிக்கு வருமா வராதா என்பது பல நேரம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

பட்டா யார் பேரில்?

எங்க ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். கடைமடைப் பகுதி. மேட்டூரில் தண்ணி திறந்தாலும் எங்க வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தால்தான் நிச்சயம். அப்பாவுக்கு 15 மா நிலம், அதாவது ஐந்து ஏக்கர். பெரும்பாலும் சம்பா ஒரு போகம், அறுவடைக்கு முன்னால் உளுந்து தெளிப்போம். பத்து வருசத்துக்கு மேல் உழுவதும் நாத்து விடுவதும் தண்ணி பாய்ச்சுவதும் நான்தான். ஆனால் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அப்பா பேரில். கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் அவர் பேரில். நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் அவர் கணக்கில் ஏறும். பி.எம்.கிசான் பணம் வருசத்துக்கு 6,000 ரூபாயும் அவருக்குத்தான் வருகிறது. அரசாங்கத்தின் எந்தத் தாளிலும் நான் விவசாயி இல்லை.

அப்பா கெட்டவர் இல்லை. குடி இல்லை, சீட்டு இல்லை. என்னை டிப்ளமோ படிக்க வைத்தார். தங்கச்சியை நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார். கடனை வைத்துக்கொண்டு தூங்கமாட்டார். ஊரில் வரப்புத் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் என் பாடு இன்னும் கஷ்டம். கெட்ட அப்பாவோடு சண்டை போடலாம். ஊரும் நம்ம பக்கம் நிற்கும். நல்ல அப்பாவோடு என்ன சொல்லிச் சண்டை போடுவது?

ஜூன் மாசம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும். நான் அப்பா முன்னால் போய் நிற்பேன். "எவ்வளவு?" என்பார். சொல்வேன். பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுப்பார். ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனாலும் என் பொண்ணு பக்கத்தில் நின்று அதைப் பார்க்கும்போது எனக்கு எங்கேயோ குத்தும். ஒரு தடவை என் மனைவி சொன்னாள்: "மாமா நல்லவங்கதான். ஆனா இந்த வீட்டுல நமக்கு வயசே ஆகலைங்க."

இரண்டு கிலோ தூயமல்லி

2015-ல் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்குப் போனேன். நெல் ஜெயராமன் அண்ணன் உயிரோடு இருந்த காலம். இரண்டு கிலோ விதை கொடுப்பார்கள், அடுத்த வருசம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நான் தூயமல்லி வாங்கிவந்தேன். அப்பா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத வச்சு என்ன செய்யப் போற? சோறாக்கவா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "கடைசி வயல எடுத்துக்க" என்றார்.

அந்தக் கடைசி வயல் ஒரு மா. எங்க நிலத்திலேயே தாழ்வானது. டெல்டாவில் வயல்விட்டு வயல் தண்ணி பாயும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா மேல் வயலில் யூரியா போட்டால் அந்தத் தண்ணி வடிந்து என் வயலுக்குத்தான் வரும். நான் ஜீவாமிர்தம் ஊற்றுவேன், மேலேயிருந்து அப்பாவின் உப்புத் தண்ணி இறங்கும். இதுக்குப் பேர் இயற்கை விவசாயமா என்று எனக்கே சிரிப்பு வரும்.

ஒற்றை நாத்தாக நட்டோம். ஐந்து மூட்டை கண்டது, 60 கிலோ மூட்டை. எனக்கு அது பெரிய விசயம். அப்பாவின் கணக்கில் ஒரு மாவுக்கு ஒன்பது, பத்து மூட்டை காண வேண்டும். "பாதிதான்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது. அப்பா வயலும் என் வயலும் பேதமில்லாமல் கருகின. விதையைக் காப்பாற்றியதே பெரிய பாடு.

அரை மூட்டை யூரியா

2017-ல் கெஞ்சிக் கூத்தாடி மூன்று மா வாங்கினேன். பலதானியம் விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதேன். வரப்பை உயர்த்தி, மேல் வயல் தண்ணி வராமல் மடையை அடைத்தேன். ஐந்து பேர் சேர்ந்து பி.ஜி.எஸ். குழு ஆரம்பிக்கிற பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

நட்டு முப்பது நாள் இருக்கும். பயிர் வெளுத்து நின்றது. முப்பது நாற்பது வருசம் உப்பு தின்ற மண். திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் நிற்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியும். ஆனால் டீக்கடையில் உட்கார்கிறவர்களுக்குத் தெரியாதே. "என்னங்க, உங்க மகன் பயிருக்கு மஞ்சக்காமாலையா?" என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை.

நான் ஒரு கூட்டத்துக்காக ஒரு ராத்திரி வெளியூர் போயிருந்தேன். மறுநாள் மத்தியானம் வந்து வயலைப் பார்த்தால், வரப்பு ஓரத்தில் வெள்ளையாகக் குருணை சிந்திக் கிடக்கிறது. மூன்று மாவுக்கும் அரை மூட்டை யூரியா தெளித்திருக்கிறார்கள். ஆள் வைத்து அப்பாதான் தெளிக்கச் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அதுவரை அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அவர் திண்ணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "பயிரு பட்டினி கெடக்குது. பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் வயல் கரும்பச்சையாகிவிட்டது. போகிறவர்கள் எல்லாரும், "இப்பதான் பயிரு தெளிஞ்சுருக்கு" என்றார்கள். அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது. குழு நண்பர்களிடம் உண்மையைச் சொன்னேன். மறைக்கவும் மனசு வரவில்லை. மாறுதல் காலக் கணக்கு எனக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. அந்தத் தை மாசம் வரை நானும் அப்பாவும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "தாத்தாவச் சாப்பிடக் கூப்பிடு" என்று பிள்ளைகள் வழியாகத்தான் பேச்சு. திருப்பூருக்கே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஆறு வருசம் அங்கே வேலை பார்த்தவன் நான். போனால் வேலை கிடைக்கும்.

அத்தை சொன்ன கதை

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். எங்க பகுதியில் யாரும் அந்த நாளை மறக்க மாட்டார்கள். அப்பா நட்டு வளர்த்த தென்னையில் நாற்பதுக்கு மேல் விழுந்துவிட்டது. அத்தை வீட்டு ஓடெல்லாம் பறந்துபோய், அத்தையும் எங்க வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பாவுக்கு மூத்தவர். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ராத்திரியானால் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

ஒருநாள் ராத்திரி அப்பா படுத்த பிறகு அத்தை கேட்டார், "நீயும் ஒங்கப்பனும் பேசிக்கிறதில்லையாமே?" நான் யூரியா கதையைச் சொன்னேன். அத்தை சிரித்துவிட்டார்.

"ஒங்கப்பன் மட்டும் என்னவாம்? ரேடியோ நெல்லு வந்தப்ப அவன் ஒந்தாத்தாகிட்ட மூணு மாசம் பேசல" என்றார்.

தஞ்சை மாவட்டம் 1960-களிலேயே தீவிர வேளாண்மைத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட மாவட்டம். அப்போது எங்க ஊரும் அதில்தான். ஆடுதுறை 27 வந்த காலத்தில் திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே பரப்பியது. அதனால் ஜனங்கள் அதுக்கு வைத்த பேர்தான் ரேடியோ நெல். அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த நெல்லைப் போட வேண்டும், மூட்டை உரம் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். தாத்தா, "உப்பப் போட்டா மண்ணு மலடாப் போயிரும். ரேடியோக்காரனா வந்து நம்ம வயல்ல நிப்பான்?" என்று மறுத்திருக்கிறார். கடைசியில் அப்பாயி நடுவில் புகுந்து பேசி ஒரு மா வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"எந்த வயல் அத்தை?"

"எது குடுப்பாரு? கடைசி வயலுதான். நல்ல வயல யாரு மகனுக்கு விடுவா?"

அந்த வருசம் அப்பாவின் ஒரு மா, தாத்தாவின் வயலைவிட நன்றாகக் கண்டிருக்கிறது. தாத்தா களத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார். மறு வருசம் எல்லா வயலிலும் அப்பா சொன்ன நெல்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மண்ணைப் பற்றி தாத்தா சொன்னதைத்தான் ஐம்பது வருசம் கழித்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைவிட, அப்பாவும் ஒரு காலத்தில் என்னைப் போலவே, அப்பன் நிழலில் நின்று ஒரு மா நிலத்துக்குக் கெஞ்சிய பையன்தான் என்பது எனக்கு அதுவரை தெரியவே தெரியாது.

ஏழு நாளும் மூன்று வருசமும்

அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் இருந்த முடிச்சு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எழுத வந்ததும் இதைத்தான்.

அப்பா அவருடைய அப்பாவை ஒரே போகத்தில் ஜெயித்துவிட்டார். யூரியா ஏழு நாளில் பதில் சொல்லும். நெல் நான்கு மாசத்தில் களத்துக்கு வரும். "செஞ்சு காட்டு" என்று தாத்தா கேட்டார், அப்பா செய்து காட்டினார். அதையே அளவுகோலாக வைத்து என்னிடமும், "செஞ்சு காட்டு, அப்புறம் பேசு" என்கிறார். அவர் மனசில் அது நியாயமான கேள்விதான். அவரும் அந்தப் பரீட்சை எழுதித்தானே வந்தார்.

ஆனால் என் பரீட்சை வேறு. நான் ஏழு நாளில் பதில் சொல்ல முடியாது. உப்பு தின்று பழகிய மண் திரும்பி வர மூன்று வருசமாவது ஆகும். முதல் வருசம் மகசூல் இறங்கும். இரண்டாவது வருசம் ஊர் சிரிக்கும். மூன்றாவது வருசம்தான் மண்புழுக் கட்டிகள் வரப்பில் தெரியும், கையில் அள்ளினால் மண் பொலபொலவென்று உதிரும். சொந்தமாக முடிவெடுக்க முடிகிற ஆளாக இருந்தால் அந்த மூன்று வருசத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடலாம். அப்பாவிடம் கணக்குச் சொல்ல வேண்டிய மகன் எப்படித் தாண்டுவான்? முதல் வருசம் மஞ்சளாக நின்றாலே கதை முடிந்தது.

அதனால்தான் சொல்கிறேன், இயற்கை விவசாயம் செய்ய நினைக்கிற மகனுக்கு நிலம் மட்டும் கொடுத்தால் போதாது. காலமும் கொடுக்க வேண்டும். தோற்றுப்போகிற உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரசாயனத்துக்கு மாறிய மகன்களுக்கு இது இவ்வளவு தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது.

புயல் நிவாரண அலைச்சல் எல்லாம் ஓய்ந்து, 2019 சித்திரையில் அப்பாவிடம் போனேன். ரேடியோ நெல் கதை தெரியும் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒங்கத்தைக்கு வாயி சும்மா இருக்காது" என்றார். நான் சொன்னேன்: "மூணு வருசம் குடுங்கப்பா. அந்த மூணு வருசம் வரப்புல நின்னு என்ன வேணாலும் திட்டுங்க. வயல்ல மட்டும் எறங்காதீங்க."

இரண்டு நாள் கழித்து சாப்பிடும்போது சொன்னார்: "அஞ்சு மா எடுத்துக்க. வாய்க்கா ஓரமா, தலைமடைப் பக்கமே எடுத்துக்க. எந்தண்ணிதான் ஒனக்கு ஆவாதுல்ல."

கணக்கு

நம்ம இதழ்களில் வெற்றிக் கதைகள் நிறைய வருகின்றன. நான் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அந்த ஐந்து மாவில் முதல் இரண்டு வருசம் எனக்குக் கைநட்டம். மனைவியின் வளையல் ஒரு வருசம் அடகில் இருந்தது. மூன்றாவது வருசம் சமமாக வந்தது. போன சம்பாவில் ஐந்து மாவுக்கும் சேர்த்து 27 மூட்டை தூயமல்லி கண்டது. பத்து மூட்டையை விதைநெல்லாகக் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்தேன், 36,000 ரூபாய். பன்னிரண்டு மூட்டையை அரைத்து, கிடைத்த 430 கிலோ அரிசியைக் கிலோ 80 ரூபாய்க்கு விற்றோம், 34,400 ரூபாய். ஐந்து மூட்டை வீட்டுச் சாப்பாட்டுக்கு. செலவு 38,000 போக 32,400 ரூபாயும் வருசத்துச் சோறும் மிச்சம்.

அப்பாவின் பத்து மாவில் 95 மூட்டை. கொள்முதல் நிலையத்தில் போட்டதில் சுமார் 1,36,000 ரூபாய். உழவு, உரம், பூச்சிமருந்து, அறுவடை இயந்திர வாடகை என்று செலவு 95,000. மிச்சம் 41,000.

மாவுக்கு மா பார்த்தால் என் கணக்கு பரவாயில்லை. ஆனால் இதில் எழுதாத ஒன்று இருக்கிறது. அரிசி புடைப்பது, பை போடுவது, கேட்கிறவர்களுக்கு அனுப்புவது எல்லாம் என் மனைவி. அவளுக்குக் கூலி போட்டால் கணக்கு மாறும். அரிசிப் பணம் அவள் வங்கிக் கணக்கில்தான் ஏறுகிறது. இந்த ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணத்தை நாங்களே கட்டினோம். அப்பா பெட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "எவ்வளவு?" என்றார். "கட்டியாச்சுப்பா" என்றேன். "ம்" என்றார். அந்த "ம்" சந்தோசமா வருத்தமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா மாறிவிட்டார் என்று எழுதினால் பொய். அவர் பத்து மாவில் இன்னும் யூரியாதான். பட்டா இன்னும் அவர் பேரில்தான். ஆனால் என் ஐந்து மாவில் அவர் இறங்கியதில்லை. சாயங்காலம் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவார். போன வருசம் பக்கத்து ஊர்க்காரர் விதை கேட்டு வந்தபோது நான் வீட்டில் இல்லை. "எம்மவன் வந்துருவான், இருந்து வாங்கிட்டுப் போங்க" என்று திண்ணையில் உட்கார வைத்திருந்தார். தானே எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை

எல்லா நிலத்தையும் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. வயசான காலத்தில் நிலம்தான் உங்களுக்குப் பிடிமானம் என்று எங்களுக்குத் தெரியும். எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் ஒண்டிக்கிடக்கிற பெரியவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். பட்டா உங்கள் பேரிலேயே இருக்கட்டும். ஒரு மா, முடிந்தால் ஒரு ஏக்கர், மூன்று வருசத்துக்கு விடுங்கள். கடைசி வயலைக் கொடுக்காதீர்கள், தனித் தண்ணி வருகிற வயலாகக் கொடுங்கள். அந்த வயலின் வரவும் செலவும் மகன் கையில் இருக்கட்டும். ஆள்காரர்கள் உங்களிடம் கேட்க வந்தால், "அவனக் கேளு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு டிப்பர் எருவுக்குச் சமம்.

மகள்களையும் மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே, நாடு முழுக்க 2005-ல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்துவிட்டது. அப்பா எனக்கு ஐந்து மா விட்டபோது தங்கச்சிக்குப் போன் செய்து சொன்னேன். "பயிர் வச்சுக்கண்ணே. எழுதுறப்ப மட்டும் என்னையும் கூப்புடு" என்றாள். நியாயமான பேச்சு.

மகன்களுக்கு

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராமக் கூட்டத்தில் மைக் கையில் கிடைத்த ஜோரில், "நம்ம அப்பாக்கள் மண்ணுக்கு வெசம் வச்சவங்க" என்று பேசினேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்ததை இறங்கிவந்த பிறகுதான் பார்த்தேன். அரசாங்கம் சொன்னது, கிராமசேவகர் சொன்னார், ரேடியோ சொன்னது. வீட்டில் அரைவயிறு கஞ்சி. அந்தக் காலத்தில் அவர்கள் அந்த நெல்லைப் போட்டுத்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள். அவர் வாழ்நாள் உழைப்பையே விசம் என்று சொல்லிவிட்டு, அவரிடமே நிலம் கேட்டால் எப்படிக் கொடுப்பார்?

அதனால், அவரோடு வாதம் செய்யாதீர்கள். அவர் சின்ன வயசில் என்ன போட்டார், எப்படிப் போட்டார் என்று முதலில் கேளுங்கள். எத்தனை வருசம், எந்த வயல் என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். வருசா வருசம் கணக்கை, நட்டமானாலும், எழுதி அவர் முன்னால் வையுங்கள். ஒரே வீச்சில் எல்லா வயலையும் மாற்றாதீர்கள். வீட்டில் உலை கொதித்தால்தான் நம்ம பேச்சு எடுபடும். பயிற்சிக்குப் போகும்போது ஒரு தடவையாவது அவரையும் கூட்டிப்போங்கள். நான் சொன்னால் கேட்காத அப்பா, அவர் வயசுள்ள இயற்கை உழவர் ஒருவர் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நம்ம இயக்கத்தாரும் இதை யோசிக்க வேண்டும். பயிற்சிக்கு மகனை மட்டும் கூப்பிடாமல், "அப்பாவையும் அழைத்து வரவும்" என்று அழைப்பிதழில் ஒரு வரி சேர்த்தால் என்ன?

வாத்து

போன மாசம் என் மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம வயல்ல வாத்து வுடலாமா? நட்டு இருவது நாள்ல வுட்டா களையையும் பூச்சியையும் தின்னுரும், கதிரு வர்றப்ப எடுத்துரலாம். இருபது வாத்து போதும். நான் பாத்துக்கறேன்."

நான் நெல்லை அளந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இருபது வாத்த வச்சு என்ன செய்யப் போற? கறியாக்கவா? போயி படிக்கிற வேலையப் பாரு" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே திக்கென்றது. அது என் குரல் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். ஒரு மா என்றால் நூறு குழி. அதில் ஐம்பது குழியை வலை கட்டிப் பிரித்து, இந்தச் சம்பாவுக்கு அவளுடையது என்று சொல்லியிருக்கிறேன். வாத்து பயிரை மிதித்துக் கெடுத்தாலும் நான் இறங்கமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன். சொன்னபடி இருப்பது எனக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது, தெரியும். வரப்பில் நின்றபடி சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.